சீட்டி

சீட்டி என்றால் இன்று விசில். கண்டக்டர் ஊதுவது, கொட்டகையில் நாயகன் வரும்போது விரலை வாயில் வைத்து அடிப்பது. எங்கள் கிளையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பையனிடம் சீட்டித் துணி என்றால் என்ன தெரியுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தீபாவளிச் சீட்டு கட்டி எடுக்கிற துணியா சார்?" என்றான். ஊகம் அப்படியொன்றும் மோசமில்லை. எனக்கும் இந்த வார்த்தை காது வழியாக வந்ததல்ல. நான் பிறந்தது 1988இல். அதற்குள் கடைகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் அது கிளம்பிப் போய்விட்டிருந்தது. அச்சில்தான் சந்தித்தேன். ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்திய சிறுகதைகளில் சீட்டிப் பாவாடைகள் நிறைய உண்டு. ரயில் நின்றதும் ஜன்னலுக்குக் கீழே கை நீட்டுகிற சிறுமி, யார் வீட்டுக் கொல்லையிலோ பாத்திரம் தேய்க்கிற பெண், சாயங்காலம் குடத்தோடு போகிற ஏதோ ஒருத்தி. பெயர் இல்லாதவர்களுக்குக்கூடப் பாவாடை இருக்கும், அது சீட்டிப் பாவாடையாக இருக்கும். அச்சடித்த பூக்கள் போட்ட மலிவுப் பருத்தித் துணி என்று அகராதி இல்லாமலே விளங்கிக்கொண்டேன். துணி விளங்கியதோ இல்லையோ, அதைக் கட்டியிருப்பவள் யார் என்பது விளங்கிவிட்டது. கதாசிரியர்கள் அதற்குத்தான் அந்த வார்த்தையைப் போட்டிருந்தார்கள்.

2017இல் ஒரு சிறுகதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். வெளியிட்ட பத்திரிகை முந்நூறு பிரதிகள் அச்சிட்டு அதில் நூறைக் கட்டுப் பிரிக்காமலே வைத்திருந்த ஒன்று. தொகுதியில் ஒரு கதையில் வேலைக்காரப் பெண் ஒருத்தி நிறம் போன சீட்டிப் பாவாடையில் வருகிறாள். அவளைப் பற்றி ஆசிரியர் வேறொன்றும் சொல்வதில்லை. நான் இதைப் பெரிதாகப் பாராட்டியிருந்தேன். வறுமையை ஒரே சொல்லில் ஸ்தூலமாக்கிவிடுகிறார், ஏழை என்ற வார்த்தைக்கே அவசியம் ஏற்படவில்லை, விவரணையில் சிக்கனம் என்பது இதுதான் என்கிற தோரணையில் ஒரு நீண்ட பாரா. டி.எஸ். எலியட்டும் அதில் எட்டிப் பார்த்திருந்தார் என்று ஞாபகம். பி.ஏ. ஆங்கிலம் படித்தவர்களுக்கு வருகிற வியாதி.

ஊருக்குப் போயிருந்தபோது அந்தப் பத்திரிகையை அம்மா எடுத்து ஆச்சிக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஆச்சிக்குக் கண் மங்கிவிட்டிருந்தது. ஆனால் பேரன் பெயர் அச்சில் வந்தால் அதை யாராவது அவளுக்கு உரக்க வாசித்தாக வேண்டும். புரிகிறதா என்பது வேறு சமாச்சாரம். நான் திண்ணையில் இருந்தேன். அந்தப் பாரா வந்ததும் வாசிப்பு நின்றது.

"சீட்டின்னா தரித்திரம்னா எழுதிருக்கான்?"

"கதையில அப்பிடி வருதாம்மா" என்றாள் அம்மா.

"கதையில வந்தா? ஏலே, இங்க வா."

போனேன்.

"சீட்டி கெட்டுனவ எல்லாம் தரித்திரம் புடிச்சவன்னா, சீட்டி கிடைக்காமக் கெடந்தவளுக்கு நீ என்ன பேரு வச்சிருக்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு அவளே பேசினாள். யுத்த காலத்தில் அவள் சிறுமி. 1943இல் துணிக்குக் கட்டுப்பாடு உத்தரவு வந்தது என்பதெல்லாம் நான் பின்னால் படித்தது. அவளுக்குத் தெரிந்தது, வீட்டில் ஐந்து பெண்பிள்ளைகளுக்கு மேலே போட இரண்டு துணிதான் இருந்தது என்பது. ஒருத்தி வெளியே போனால் இன்னொருத்தி உள்ளே இருக்க வேண்டும். பிறகு துணி வந்தபோதும் வந்தது காடா. பழுப்பு வெள்ளையில், புளியங்கொட்டைக் கஞ்சி போட்டாற்போல விறைப்பாக. அம்மாவின் பழைய சேலையைக் கிழித்துப் பாவாடை. இதற்கெல்லாம் அப்புறம் ஒரு கோயில் கொடைக்கு அவளுடைய அப்பா ஒரு துண்டு சீட்டி வாங்கி வந்தார். அரக்கு நிறம், அதில் மஞ்சளில் சின்னப் பூ. ஒரே துண்டிலிருந்து ஐந்து பேருக்கும் பாவாடை, மிச்சத்தில் தம்பிக்கு ஒரு சட்டை. தையல்காரர் திண்ணையிலேயே மிஷினைப் போட்டுத் தைத்துக் கொடுத்தார். கொடையன்று போய்ப் பார்த்தால் ஊரில் பாதிப் பிள்ளைகள் அதே பூவில் நிற்கின்றன. கடைக்கு வந்திருந்தது ஒரே உருப்படி போலிருக்கிறது. "அன்னைக்கு ஒருத்தரை ஒருத்தர் பாத்து ஒரே சிரிப்பு. எல்லாம் ஒரு வயித்துப் பிள்ளைய மாதிரி இருந்தோம்" என்றாள். ராத்திரி மடித்துப் பாய்க்கு அடியில் வைத்துப் படுத்தாளாம், மடிப்புக் கலையாமலிருக்க. புதுச்சீட்டிக்கு ஒரு வாசனை உண்டு என்றாள். முதல் தண்ணீரில் சாயம் போகும், கல்லுப்புப் போட்டு ஊறவைக்க வேண்டும், அப்படியும் போகும். போன பிறகு இருப்பதுதான் அதன் நிறம்.

அந்தப் பாவாடை பிறகு தங்கைக்குப் போனது. அப்புறம் தலையணை உறை, அப்புறம் அடுப்படியில் கைப்பிடித் துணி. நான் பாராட்டிய நிறம் போன சீட்டி இந்த வரிசையில் ஏதோ ஓர் இடத்தில் இருந்திருக்க வேண்டும். ஆசிரியரும் நானும் அதை ஒரு கணம் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு இந்த வார்த்தையைத் துரத்தத் தொடங்கினேன். உள்ளூர ஒரு தற்காப்பு இருந்திருக்கலாம்: ஆச்சிக்கு ஓர் அர்த்தம், இலக்கியத்துக்கு ஓர் அர்த்தம் என்று நிரூபித்துவிட்டால் என் மதிப்புரை பிழைத்துக்கொள்ளும்.

சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்ஸிகனில் சீட்டி இருக்கிறது, வடக்கிலிருந்து வந்த சொல்லாக. மராத்தியில் சீட், இந்தியில் சீண்ட். 1886இல் வெளிவந்த ஹாப்ஸன்–ஜாப்ஸன் அகராதி இன்னும் பின்னால் போய் சமஸ்கிருத சித்ர என்ற சொல்லில் கொண்டு நிறுத்துகிறது: பல நிறமான, புள்ளிகள் கொண்ட. ஆங்கிலத்து சின்ட்ஸ் இதேதான். பன்மை விகுதியைச் சொல்லோடு சேர்த்து ஒருமையாக்கிக்கொண்டுவிட்டார்கள். போர்ச்சுகீசியரிடம் சீட்டா, டச்சுக்காரரிடம் ஸிட்ஸ், மலாயில் சீத்தா. யாழ்ப்பாணத்தில் சீத்தை, சிங்களத்திலும் ஏறத்தாழ அப்படியே. டச்சு வழியாக ரஷ்யாவுக்குப் போய் சீத்யெட்ஸ் ஆகியிருக்கிறது. 1905இல் முதல் தொழிலாளர் சோவியத் தோன்றிய இவானோவோ ஊர், இந்தச் சீத்யெட்ஸைக் கெஜம் கெஜமாக அச்சடித்துத் தள்ளிய மில்களின் ஊர். (உடம்பில் புள்ளி இருப்பதால் சீட்டா என்று பெயர் வாங்கிய மிருகமும் இந்தக் குடும்பம்தான். சித்திரம் என்ற கௌரவமான உறவினர் தமிழிலேயே இருக்கிறார். அவர் சீட்டியோடு போக்குவரத்து வைத்துக்கொள்வதில்லை.)

நம்மிடம் அச்சடி என்று இன்னொரு வார்த்தையும் இருந்தது. அதுவும் போயிற்று. துணிப் பெயர்கள் சாவது நம் மொழியில் புதிய விஷயமில்லை. சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதைக்கு உரை எழுதும்போது அடியார்க்குநல்லார் முப்பத்தாறு துணி வகைகளை அடுக்குகிறார். அதில் சித்திரக்கம்மி என்று ஒன்று. கையில் தொட்டு இதுதான் அது என்று சொல்லக்கூடியவர் இன்று யாருமில்லை. ஆனால் அவை எல்லாம் கடைத்தெருவின் பெருமைக்காகச் சொல்லப்பட்டவை. முப்பத்தாறில் எது மலிவு, எதைக் கட்டினால் வாசலில் நிறுத்திப் பேசுவார்கள் என்று உரையாசிரியர் சொல்லவில்லை.

சீட்டி மலிவாகப் பிறந்ததில்லை. புதுச்சேரிப் பக்கம் இருந்த கேர்தூ என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார் 1742இல் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. தன்னிடம் ஞானஸ்நானம் பெற்ற சாயத் தொழிலாளர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் முக்கி, பிழிந்து, காயவைத்து, கட்டையால் அடித்து மழமழப்பாக்குவார்கள். காகிதத்தில் வரைந்த உருவின் கோடுகளைக் குத்தித் துளையிட்டு, துணிமேல் வைத்துக் கரித்தூளைத் தட்டினால் உரு இறங்கும். மூங்கில் எழுதுகோலால் கோடு. கறுப்புக்கு இரும்பு. சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகார நீர் தடவி, பிறகு துணி முழுவதையும் சாயவேர் போட்டுக் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடித்துக்கொள்ளும், மற்ற இடத்திலிருந்து வெளுக்க வெளுக்கப் போய்விடும். நீலத்துக்கு மற்ற இடமெல்லாம் மெழுகு பூசி அவுரித் தொட்டியில் அமிழ்த்துவது. ஒரு துணிக்கு வாரக்கணக்கில் வேலை. சாயவேர் என்பது கடற்கரை மணலில் தரையோடு படர்கிற இம்பூறல் செடியின் வேர். அதில் ஊறிய சிவப்பு துவைக்கத் துவைக்கத் துலங்கும். ஐரோப்பாவுக்கு நெடுங்காலம் கைவராத ரகசியங்களில் இதுவும் ஒன்று. ஆரம்பத்தில் அவர்கள் துணியில் அச்சிட்ட நிறம் தண்ணீர் பட்டால் கரைந்தது. கேர்தூ உளவு பார்த்தார் என்றும் சொல்லலாம். சமஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்கத்துக்கும் உள்ள சொல் உறவைப் பற்றிப் பின்னாளில் பாரிசுக்கு எழுதிய கேர்தூவும் இவரே. இந்தத் துணியின் பெயரை அவர் எந்தக் கணக்கில் வைத்துப் பார்த்திருப்பார் என்று அறிய எனக்கு ஆசை.

லண்டனில் சாமுவேல் பீப்ஸ் 1663இல் மனைவியின் அறைச் சுவரை மூடுவதற்காக ஒரு சின்ட்ஸ் வாங்கியதைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். முதலில் சுவருக்கு, மெத்தைக்கு, பிறகு உடம்புக்கு. எஜமானி உடுத்திக் கழித்ததை வேலைக்காரி உடுத்தினாள். வேலைக்காரிக்கும் எட்டுகிற மலிவு ரகங்கள் கப்பலில் வந்தன. யார் எஜமானி, யார் வேலைக்காரி என்று தெருவில் தெரியவில்லை என்ற புகார் அங்கே அச்சிலேயே வந்தது. பிரான்ஸ் 1686இல் தடை போட்டு 1759வரை வைத்திருந்தது. இங்கிலாந்தில் அச்சிட்ட துணியின் இறக்குமதி 1701இலிருந்து தடை. 1719இல் லண்டன் நெசவாளர்கள் பூத்துணி உடுத்திய பெண்களைத் தெருவில் மறித்து, உடுப்பைக் கிழித்தார்கள், மை எறிந்தார்கள், அமிலம் ஊற்றினார்கள். நெசவாளர்களின் வயிற்றுப்பாடு நிஜமான விஷயம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் துணியை இறக்கியவன் கம்பெனிக்காரன், கிழிபட்டது உடுத்தியவளின் மேல் இருந்தது. 1721இல் உடுத்துவதே குற்றம் என்று சட்டம் வந்தது. அபராதம் ஐந்து பவுன். அது போய்ச் சேருவது காட்டிக்கொடுத்தவனுக்கு. 1774வரை இந்தச் சட்டம் இருந்தது.

பிறகு நடந்தது தெரிந்த கதை. 1783இல் தாமஸ் பெல் உருளையில் வைத்து அச்சடிக்கும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். வாரக்கணக்கில் எழுதியது நிமிஷக்கணக்கில் அச்சாகத் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான்செஸ்டர் பூக்கள் கப்பலேறி இங்கே வந்தன. 1851இல் ஜார்ஜ் எலியட் ஒரு கடிதத்தில், புள்ளி போட்ட மஸ்லின் ஒன்றைப் பற்றி, தரம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சின்ட்ஸ்தனமாகத் தெரிகிறது என்கிற பொருளில் எழுதுகிறார். இன்று ஆங்கிலத்தில் அந்த உரிச்சொல்லுக்கு மட்டமான, பகட்டான, கஞ்சத்தனமான என்றெல்லாம் அர்த்தம். அங்கேயும் வார்த்தை கீழே இறங்கிவிட்டது.

ஆக, ஒரு கட்டுரைக்கு வேண்டிய அமைப்பு கைக்கு வந்துவிட்டது. சோழமண்டலக் கரையில் கையால் எழுதிய துணி கடல் தாண்டிப் போய், தடை செய்யப்பட்டு, காப்பியடிக்கப்பட்டு, எந்திரத்தில் ஏறி, மலிவாகி, பெயரோடும் இளக்காரத்தோடும் திரும்பி வந்து நம் பெண்கள் மேல் விழுந்தது. சுதேசி மனசுக்கு இதமான சித்திரம். பெரும்பாலும் உண்மையும்கூட. இரண்டு வருஷம் இதை மனதில் வைத்துக்கொண்டு திரிந்தேன், இரண்டொரு நண்பர்களிடம் சொல்லிக் கைதட்டலும் வாங்கினேன். எழுத உட்கார்ந்தபோதுதான் ஆச்சியின் கேள்விக்கு இதில் பதில் இல்லை என்பது தெரிந்தது. சாயவேரைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்த வீட்டுப் பெண் அன்றைக்கு என்ன கட்டியிருந்தாள்? பீப்ஸின் மனைவிக்குப் போன துணி அவளுக்கும் ஒன்று கிடைத்திருக்குமா? நிறம் அவளுக்கு எட்டுவதற்கு அது மலிவாக வேண்டியிருந்தது. ஒரு அரக்குத் துண்டில் ஐந்து பாவாடைகள் வெட்ட முடிந்ததற்குப் பின்னால் உருளை எந்திரம் இருக்கிறது. இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. அடுத்த வரியில் மான்செஸ்டருக்கு நன்றி சொல்லிவிடுவேனோ என்ற பயம். சொல்லப்போவதில்லை. அந்த எந்திரம் எத்தனை கரையோர ஊர்களைக் காலி பண்ணியது என்பதும் தெரிந்ததுதான். இரண்டும் ஒரே துணியில் இருக்கின்றன.

துணிக்கு இப்போது இரண்டு பெயர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். விலை உயர்ந்த வாரிசு கலம்காரி என்ற பெயரில் போகிறது. கண்காட்சிகளில் விற்கிறது, சாகித்ய நிகழ்ச்சிகளில் முன்வரிசையில் உட்காருகிறது. பழைய சோழமண்டலத் துண்டுகள் லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. கலம்காரி என்று சொல்கிறவர்கள் யாரும் சீட்டி என்று சொல்வதில்லை. ஏழை உறவினரைத் திருமணப் பத்திரிகையில் போடாமல் விடுகிற மாதிரி.

விமர்சகனாக என்னைத் தொந்தரவு பண்ணுவது வேறு ஒன்று. பழைய கதைகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நான் பார்த்தவரையில் சீட்டி என்ற சொல் எப்போதும் கதை சொல்கிறவன் வாயில்தான் வருகிறது, அதுவும் எதிரே நிற்கிறவளைப் பார்த்துச் சொல்லும்போது. பாவாடைக்குள் இருப்பவள் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. கதைசொல்லியின் வேட்டி எந்த மில், எத்தனை முழம் என்று நமக்குத் தெரியாது. அது வெறும் வேட்டி. அவன் வீட்டுப் பெண்ணின் சேலை, கதைக்கு முக்கியமானால் ஒழிய, வெறும் சேலை. துணியின் ரகம் எழுதப்படும்போது அங்கே ஒரு கோடு இழுக்கப்படுகிறது. வாசகனும் எழுத்தாளனும் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். யதார்த்தவாதம் என்று நாம் சிலாகிக்கிற நுட்பமான விவரங்களில் எத்தனை இந்த மாதிரி வாசல்படியில் நின்று எழுதியவை என்று கணக்கெடுத்தால் சங்கடமாகத்தான் இருக்கும். விவரம் பொய் என்று நான் சொல்லவில்லை. பாவாடை சீட்டிதான், நிறம் போனதும் வாஸ்தவம். ஆனால் அரக்கில் மஞ்சள் பூ என்று ஓர் எழுத்தாளர் ஒரு தடவையாவது எழுதியிருந்தால், பாவாடை அவளுடையதாக ஆகியிருக்கும். 'சீட்டி' என்று மட்டும் எழுதினால் அது நம்முடைய அபிப்பிராயம். சிக்கனம் என்று நான் பாராட்டியது பூ என்ன பூ என்று கேட்காத சிக்கனம்.

இது பழைய காலத்துச் சங்கதி, அந்தத் துணியும் இல்லை, பார்வையும் மாறிவிட்டது என்று சொல்லி முடித்திருக்கலாம். துணி இருக்கிறது. அச்சடித்த பூப்போட்ட மலிவுப் பருத்தியை இன்று தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் காலையில் பார்க்கலாம். நைட்டி என்று பெயர். ராத்திரிக்கு என்று பெயர் வைத்த உடுப்பைப் பெண்கள் பகல் முழுவதும் உடுத்துகிறார்கள், மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு. சமைக்க, தண்ணீர் பிடிக்க, கடைக்குப் போக, பிள்ளையைப் பள்ளிக்கூட வேனில் ஏற்ற வசதியான உடுப்பு. அதைப் பற்றிய நகைச்சுவைத் துணுக்குகளுக்குப் பஞ்சமில்லை, எழுதுவது ஆண்கள். 1859இல் திருவிதாங்கூர் மகாராஜா, நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம் என்று பிரகடனம் செய்தார். அந்த அனுமதியிலும் ரவிக்கை அணியலாம், அல்லது முரட்டுத் துணியைக் கட்டிக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது என்று துணியின் தரம்வரை இறங்கி நிபந்தனை வைத்தார்கள். அதை நாம் சரித்திரம் என்று படிக்கிறோம். 2018இல் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் தோகலபள்ளி என்ற ஊரில் பெரியவர்கள் கூடி, காலை ஏழு மணியிலிருந்து மாலை ஏழு மணிவரை பெண்கள் நைட்டி உடுத்தக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். மீறினால் அபராதம் 2000 ரூபாய். காட்டிக்கொடுப்பவர்களுக்கு 1000. ஒரு காலத்தில் சீட்டி கப்பலேறிய மசூலிப்பட்டினம் அங்கிருந்து ரொம்ப தூரமில்லை. பத்திரிகையில் இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு 1721 ஞாபகம் வந்தது. சிரித்தேன் என்றும் சொல்ல வேண்டும்.

அந்தச் சிரிப்பு ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. அப்போது நான் வேறொரு ஊரில், நகைக்கடன் கௌண்டரில் இருந்தேன். ஒரு பெண் நைட்டியில் வந்தாள். தோளில் துண்டு, கையில் சுருக்குப் பை, அதில் ஒரு ஜோடி வளையல். பள்ளிக்கூடத்தில் பணம் கட்டக் கடைசி நாள் என்றாள். நான் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து வந்த அதிகாரி அவளைப் பார்த்துவிட்டு, குரல் உயர்த்தாமல், "வீட்டுல இருக்கற மாதிரியே கிளம்பி வந்துட்டீங்களேம்மா, இது ஆபீஸ் இல்லையா" என்றார். போகச் சொல்லவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் விண்ணப்பத்தைப் பார்த்தேன். அவள் வளையலைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள். சேலை மாற்றிக்கொண்டு பஸ் பிடித்து அவள் மறுபடி வந்தபோது நகை மதிப்பீட்டாளர் கிளம்பிவிட்டிருந்தார். மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை. நான்தான் அதை அவளிடம் சொன்னேன். சரி சார் என்றாள். அன்று சாயங்காலம் நான் விளிம்புநிலை மனிதர்களின் குரலைப் பற்றிய என் கட்டுரை ஒன்றுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டால், மேலே எழுதியிருப்பதற்கெல்லாம் மதிப்பில்லை. அவள் நைட்டியில் என்ன பூ இருந்தது என்று பின்னால் யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

2021இல் ஆச்சி முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தாள். சேலை கட்டிவிட்டு மாற்ற முடியவில்லை. வாழ்நாளில் நைட்டியைத் தொட்டிராதவள், அம்மாவை அதற்காகவே பல தடவை வைதவள். இரண்டு நாள் முரண்டு பிடித்தாள். மூன்றாம் நாள் அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்து தலைவழியாகப் போட்டுவிட்டார்கள். நான் கொஞ்சம் கழித்து உள்ளே போனேன். பார்வை அநேகமாகப் போய்விட்டிருந்தது. நைட்டியின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள், கடையில் துணி எடுக்கிறவர்கள் செய்கிற மாதிரி.

"சீட்டில்லா இது" என்றாள்.

அச்சில் பார்த்த, பல மொழிகளில் துரத்திய வார்த்தையை ஒருவர் கையில் துணியை வைத்துக்கொண்டு சொல்லி அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"ஏட்டி, பூ என்ன நெறம்?"

"மஞ்ச" என்றாள் அம்மா. "செவப்புல மஞ்ச."

"சின்னப் பூவா?"

"சின்னப் பூதான்."

"என்ன வெல?"

"முந்நூத்தி அம்பது."

"சீட்டிக்கா!" என்று கொஞ்ச நேரம் பேசாமலிருந்தாள். அப்புறம், "சாயம் போவுமாட்டி?" என்றாள்.

"மொதத் தண்ணியிலே போச்சும்மா. இனிமப் போவாது."